மடியில் இடமில்லை

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நான் போட்ட ஒரு படத்துக்கு இதயக் குறிகள் வந்து குவிந்தன. டிராக்டர் சீட்டில் நான், என் மடியில் ஐந்து வயது மகள், அவளுடைய இரண்டு கைகளும் ஸ்டீயரிங்கில். "அப்படியே தாத்தா மாதிரி!" என்று அத்தை எழுதியிருந்தார். ஊரிலிருந்து அப்பா ஒரு கும்பிடு போட்டிருந்தார்.

அந்தப் படத்தை அப்புறம் நான் அழித்துவிட்டேன். ஏன் என்பதுதான் இந்த மாதம்.

நாங்கள் இருப்பது அமெரிக்காவில், வட கரோலினாவின் சாத்தம் கவுண்டியில். ராலேயிலிருந்து மேற்கே வந்தால் ஊர் குறைந்து பைன் மரங்கள் கூடிக்கொண்டே போகும் இடம். ஐந்து ஏக்கர், நடுவில் வீடு, ரோட்டிலிருந்து வீடு வரை 300 அடிக்குச் சரளைக்கல் பாதை. மண் நம்ம ஊர்ச் செம்மண் மாதிரியே இருக்கும். ஆனால் களிமண். மழை பெய்தால் வழுக்கும், காய்ந்தால் செங்கல். ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் பாதையில் பள்ளம் விழும். இரண்டு தடவை ஆள் வைத்துச் சரி செய்தேன். மூன்றாம் தடவை அந்தக் காசில் பாதி முன்பணம் கட்டி, 25 குதிரைத்திறன் உள்ள ஒரு சின்ன டிராக்டர் வாங்கிவிட்டேன். முன்னால் மண் அள்ளும் லோடர் பக்கெட், பின்னால் கருவிகள் மாட்டும் மூன்று கொக்கி. எனக்குத் தெரிந்து நம்மவர்களில் இன்னும் மூன்று குடும்பங்கள் இப்படி ஊருக்கு வெளியே இடம் வாங்கி, இதே மாதிரி வண்டியும் வைத்திருக்கின்றன.

இதைப் படிக்கிற உங்களில் பலர் வெளிநாட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். டிராக்டர் என்றதும் உங்களுக்கு ஞாபகம் வருவது, விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது மாமாவோ சித்தப்பாவோ மட்கார்டில் உட்காரவைத்து வயலைச் சுற்றிக் காட்டிய ஒரு சாயங்காலம். நல்ல ஞாபகம்தான். அதனால்தான் இதை எழுதுவதற்குத் தயக்கமாக இருக்கிறது.

அந்தப் படம் எடுத்து மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை. பாதை ஓரத்தில் கொட்டியிருந்த ஈரச் சரளைக்கல்லை அள்ளிப் பள்ளங்களில் போட்டுக்கொண்டிருந்தேன். பக்கெட் நிறைந்தால் கிட்டத்தட்ட 400 கிலோ. பின்னால் மாட்டியிருந்த கருவி திரும்பும்போது இடைஞ்சலாக இருக்கிறது என்று காலையிலேயே கழற்றி வைத்துவிட்டேன். கராஜ் கதவு தாழ்வு என்பதால் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் இரும்பு வளைவை, அதாவது ரோல் பாரை, மடக்கி வண்டியை வெளியே எடுத்தேன். அதைத் திரும்ப நிமிர்த்தவில்லை. பெல்ட்டும் போடவில்லை. அரை மணி நேர வேலைதானே.

சரிவில் குறுக்காகத் திரும்பினேன். எதிரில் இருந்த புதரைத் தாண்டட்டும் என்று பக்கெட்டைத் தோள் உயரத்துக்குத் தூக்கியிருந்தேன். மேட்டுப் பக்கத்துப் பின்சக்கரம் தரையை விட்டு எழுந்தது. சத்தமே இல்லை. சீட் மெதுவாகச் சாய்ந்தது, அவ்வளவுதான். பெடலிலிருந்து கால் தானாக விலகியது, கை லீவரைத் தள்ளியது, பக்கெட் சட்டென்று கீழே இறங்கித் தரையில் உட்கார்ந்தது. சக்கரமும் உட்கார்ந்தது. இஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கப் பார்த்தேன், முழங்கால் நடுங்கியது. வராந்தாவில் என் மகள், "அடுத்த ரவுண்டு நானும் வர்றேன்ப்பா" என்று ஷூவை மாட்டிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு அந்தக் கால் ஷூ சீக்கிரம் மாட்டியிருந்தால் என்று இன்றைக்கும் சில ராத்திரி நினைத்துக்கொள்கிறேன்.

அன்று மாலை, வாங்கிய நாளிலிருந்து பிரிக்காமல் வைத்திருந்த கையேட்டை முழுசாகப் படித்தேன். கணினி வேலையில் எதையும் படிக்காமல் ஓடவிட்டுப் பார்ப்பது என் பழக்கம். தப்பானால் பழைய நிலைக்குத் திருப்பிவிடலாம். ஒன்றரை டன் இரும்பை அப்படித் திருப்ப முடியாது.

முதலில் புரிந்துகொண்டது: டிராக்டர் பார்க்க நாற்காலி, உண்மையில் அது முக்காலி. மேடு பள்ளத்தில் நான்கு சக்கரமும் தரையில் படிய வேண்டும் என்பதற்காக, முன் அச்சை நடுவில் ஒரே ஒரு பின்னில் மாட்டியிருக்கிறார்கள். அது இடமும் வலமும் ஊசலாடும். ஆகவே வண்டியின் உடம்பு நிற்பது மூன்று புள்ளிகளில்: இரண்டு பின்சக்கரம், முன்னால் அந்தப் பின். வண்டியின் எடை அந்த முக்கோணத்துக்குள் இருக்கும் வரை நிற்கும். விளிம்பைத் தாண்டினால் சாயும். பக்கெட்டில் சுமையோடு உயரத் தூக்கும்போது மொத்த எடையின் மையம் மேலேயும் போகிறது, முக்கோணம் குறுகலாக இருக்கிற முன்பக்கத்துக்கும் போகிறது. அதோடு பின்சக்கரங்கள் லேசாகிவிடுகின்றன. நான் ஒரே நேரத்தில் மூன்றும் செய்திருந்தேன்: சுமையை உயர்த்தினேன், சரிவில் திரும்பினேன், பின்னால் எதிர் எடை வைக்கவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சில விதிகள்.

பக்கெட்டில் சுமை இருந்தால், தரையிலிருந்து ஒரு முழத்துக்கு மேல் தூக்கிக்கொண்டு நகரக் கூடாது. கொட்டும் இடத்துக்குப் போய் நின்ற பிறகுதான் உயர்த்த வேண்டும்.

லோடர் வேலை என்றால் பின்னால் கட்டாயம் எடை இருக்க வேண்டும். கனமான கருவியோ, கல் நிரப்பிய பெட்டியோ, எதுவானாலும் சரி.

சரிவில் குறுக்கே போகக் கூடாது, நேராக ஏறி நேராக இறங்க வேண்டும். இறங்கும்போது லோ கியர், நாலு சக்கர இழுப்பு. இந்த மாதிரி சின்ன டிராக்டர்களில் பிரேக் பெரும்பாலும் பின்சக்கரங்களில்தான் பிடிக்கும். முன்னால் சுமை இருக்கிறபோது அந்தச் சக்கரங்கள் லேசாகி வழுக்க ஆரம்பித்தால் பிரேக்கை மிதித்துப் பயனில்லை. நாலு சக்கர இழுப்பைப் போட்டால் முன்சக்கரங்களும் சேர்ந்து பிடிக்கும். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டுவது நம்ம ஊர்ப் பழக்கம், அதை இங்கே மறந்துவிட வேண்டும்.

ரோல் பார் நிமிர்ந்திருந்தால் பெல்ட் போட வேண்டும். தாழ்வான இடத்துக்காக மடக்கினால் அந்த நேரத்துக்கு மட்டும் பெல்ட் வேண்டாம், வெளியே வந்த உடனே நிமிர்த்திப் போட்டுக்கொள்ள வேண்டும். ரெண்டும் சேர்ந்தால்தான் காப்பு. வண்டி கவிழும்போது பெல்ட் நம்மை வளைவின் நிழலுக்குள் பிடித்து வைக்கிறது. பெல்ட் இல்லாமல் வளைவு மட்டும் இருந்தால், வெளியே விழுகிறவர் மேல் அதே வளைவு வந்து இறங்கலாம். அமெரிக்கப் பண்ணைகளில் உயிர் போவதற்கு முதல் காரணமே டிராக்டர் கவிழ்வதுதான். ஸ்வீடன் 1959-லேயே புது டிராக்டர்களுக்கு இந்தக் காப்பைக் கட்டாயமாக்கியது. அமெரிக்கக் கம்பெனிகள் 1985 வாக்கில்தான் தாங்களாகவே எல்லா வண்டியிலும் வைக்க ஆரம்பித்தன. மலிவாகப் பழைய வண்டி வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

எதையாவது கட்டி இழுப்பதென்றால் பின்னால் தாழ்வாக இருக்கிற இழுவைக் கொக்கியில் மட்டும் கட்ட வேண்டும். மரக்கட்டை வரவில்லையே என்று அச்சுக்கு மேலே எங்காவது சங்கிலியை மாட்டினால் முன்பக்கம் தூக்கி வண்டி பின்னால் மல்லாந்துவிடும். அதற்கு ஒன்றரை நொடி போதும். "சுதாரிச்சுக்கலாம்" என்று நினைக்க அந்த நேரம் பத்தாது.

புல் வெட்டும் கருவியைச் சுழற்றுகிற பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு ஒன்பது சுற்று சுற்றும். துணியின் ஒரு நுனி மாட்டினால் நொடிக்கு ஏழு அடி வீதம் உள்ளே இழுக்கும். துப்பட்டா, வேட்டி, ஹூடி கயிறு எதுவுமே கிட்டே போகக் கூடாது. தண்டைச் சுற்றி இருக்கும் பிளாஸ்டிக் உறை உடைந்தால் அன்றைக்கு வேலை இல்லை. கருவியில் என்ன சிக்கினாலும் இஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்து, சுழற்சி நின்ற பிறகுதான் இறங்க வேண்டும்.

கடைசி விதி: வண்டியில் ஒரு சீட், ஒரே ஆள்.

மற்ற விதிகளை நான் எளிதாகப் பழகிக்கொண்டேன். கடைசி விதிக்குச் சோதனை அடுத்த ஏப்ரலில் வந்தது, மன்னார்குடிப் பக்கத்திலிருந்து அப்பா வந்தபோது.

அப்பா நாற்பது வருஷம் டிராக்டர் ஓட்டியவர். கேஜ் வீல் மாட்டிச் சேற்றில் உழுதவர். ஆனால் தஞ்சை டெல்டாவில் மேடு என்றால் வரப்புதான். சரிவு என்கிற ஒன்று அவர் வாழ்க்கையில் வந்ததே இல்லை. வந்த மறுநாள் காலை காப்பி குடித்துவிட்டு வண்டியைச் சுற்றி வந்தார். கிளட்ச் மிதிக்க வேண்டியதில்லை, ஒரே பெடலில் முன்னும் பின்னும் போகும், காலை எடுத்தால் நிற்கும் என்று சொன்னேன். "அட, தையல் மெஷின் மாதிரில்ல இருக்கு" என்றார். பிறகு பேத்தியைக் கூப்பிட்டார்.

"பாப்பா, வா. தாத்தா மடில உக்காரு. ஒரு ரவுண்டு போவோம்."

"அப்பா, வேணாம்ப்பா" என்றேன்.

"ஏன்?"

"வண்டில ஒருத்தர்தான் உக்காரலாம்."

சிரித்தார். "நீ எங்க உக்காந்து வளந்தன்னு மறந்துபோச்சா? உன்னைய மடில வச்சுத்தான் நான் நாத்தங்காலே உழுதேன். என்ன ஆச்சு உனக்கு?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். கார் சீட், தேன், தலையணை, கைக்குழந்தைக்கு மூக்கில் எண்ணெய் எல்லாவற்றுக்கும் இதே கேள்விதான் வருகிறது. "நாங்க வளக்கலயா? உங்களுக்கு என்ன ஆச்சு?" நாம் வேண்டாம் என்று சொல்வது ஒரு பழக்கத்தை. அவர்கள் காதில் விழுவதோ "நீங்கள் எங்களைச் சரியாக வளர்க்கவில்லை" என்று. அப்பா அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. மகளும் பேசவில்லை. என் மனைவி மட்டும், "மாமாகிட்ட நம்பர் எல்லாம் சொல்லாதீங்க. வண்டிகிட்ட கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

மறுநாள் காலை அப்பாவை சீட்டில் உட்காரச் சொன்னேன். இஞ்சின் ஓடவில்லை, சாவி என்னிடம். சமையலறையிலிருந்து 20 பவுண்டு அரிசி மூட்டை ஒன்றைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தேன். மகள் எடையில் பாதிகூட இல்லை அது.

"பாதையில போற மாதிரி ஓட்டுங்கப்பா" என்றேன்.

இடது கையை ஸ்டீயரிங்கில் வைத்தார். வலது கை மூட்டையைப் பிடித்துக்கொண்டது.

"பக்கெட்டைத் தூக்கணும்."

வலது கை மூட்டையை விட்டு லோடர் லீவருக்குப் போனது.

"இப்ப சக்கரம் பள்ளத்துல இறங்குது. பாப்பாவை எந்தக் கையால பிடிப்பீங்க?"

அப்பா பதில் சொல்லவில்லை. பெல்ட்டை எடுத்து மூட்டையையும் சேர்த்துப் போட்டுப் பார்த்தார். எட்டியது. பிறகு முன்னால் லேசாகச் சாய்ந்து பார்த்தார். தன் உடம்பின் பாரம் முழுக்க மூட்டையின் மேல் இறங்குவதை அவரே உணர்ந்திருக்க வேண்டும். பெல்ட்டைக் கழற்றினார்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் பேசினார். "எங்க ஊர்ல ஒரு பையன். எட்டு வயசு இருக்கும். மட்கார்டுல உக்காந்து வந்தான். வரப்பு ஏறி இறங்குச்சு வண்டி. மெதுவாத்தான் போச்சு." அதற்கு மேல் சொல்லவில்லை. "ஓட்டுனவன் அப்புறம் வண்டியத் தொடவே இல்ல" என்று மட்டும் சொன்னார். முப்பத்து ஐந்து வருஷத்தில் இந்தக் கதையை அவர் எங்களிடம் சொன்னதில்லை. அந்த வயலில்தான் என்னை மடியில் வைத்து ஓட்டியிருக்கிறார்.

"மெதுவாத்தான் போச்சு" என்பதை நான் மறக்கவில்லை. மெதுவாகப் போனால் ஆபத்தில்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். விழுகிற குழந்தைக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் இருப்பது ஒரு முழம். நடக்கிற வேகத்தில் போகிற வண்டிக்கு அந்தத் தூரத்தைக் கடக்க அரை நொடி கூட ஆகாது.

இன்னொன்றும் அப்பாவே சொன்னார். "இன்னைக்கு மடில வச்சா நாளைக்கு அதுவா ஓடி வரும்." உண்மை. டிராக்டர் விளையாட்டுச் சாமான் என்று ஒரு தடவை கற்றுக்கொண்ட பிள்ளை, இஞ்சின் சத்தம் கேட்டால் வண்டியை நோக்கி ஓடிவரும். நாம் பின்னால் எடுத்துக்கொண்டிருப்போம். நம் கண்ணுக்கு அது தெரியாது. மடியில் வைத்த சவாரியைவிட இது பெரிய ஆபத்து.

அன்று மத்தியானம் அப்பா ஓட்டினார், பெல்ட் போட்டுக்கொண்டு, தனியாக. நான் பாதை ஓரத்தில் நடந்தேன். பின்னால் மாட்டியிருந்த பாக்ஸ் பிளேடைப் பார்த்தவுடன், "இது நம்ம பரம்புப் பலகைல்ல?" என்றார். கிட்டத்தட்ட அதுதான், கூட இரும்புப் பல் இருக்கும். நான் ஒரு வருஷமாகப் பள்ளத்தில் கல்லைக் கொட்டி நிரப்பிக்கொண்டிருந்தேன், அடுத்த மழையில் அதே இடத்தில் பள்ளம் வந்துகொண்டிருந்தது. அப்பா பல்லை இறக்கிப் பள்ளத்தின் அடி வரைக்கும் சுரண்டி எடுத்தார். பிறகு பல்லைத் தூக்கிவிட்டு, ஓரத்துக்கு ஒதுங்கியிருந்த கல்லை நடுவுக்கு இழுத்து வந்து பரப்பினார். பாதையின் நடு, ஓரத்தைவிட உயர்ந்திருக்க வேண்டும். ஒவ்வோர் அடி அகலத்துக்கும் அரை அங்குலம் சரிந்தால் தண்ணீர் தேங்காமல் ஓடிவிடும். தேங்கும் தண்ணீர்தான் பள்ளத்துக்கு விதை. லேசான ஈரம் இருக்கிறபோது செய்தால் கல் நன்றாக இறுகும். மழை விட்ட அன்றைக்கே இறங்கினால் களிமண்ணில் வண்டிதான் வழுக்கும். ரெண்டு நாள் பொறுத்தால் போதும். அந்தப் பாதை இந்த வருஷக் கோடை மழையைத் தாங்கிவிட்டது.

மகளுக்கு என்ன கொடுத்தோம் என்று கேட்பீர்கள். ஒன்றை மட்டும் பிடுங்கிக்கொண்டு விட்டுவிட்டால் பிள்ளைகள் ஒத்துக்கொள்வதில்லை. அப்பா அவளுக்கு ஒரு வேலை கொடுத்தார். வண்டி நிற்கும்போது, சாவி எடுத்த பிறகு, பக்கெட் தரையில் இறங்கியிருந்தால் மட்டும் அவள் கிட்டே வரலாம். இஞ்சின் நின்றிருந்தாலும் லீவரைத் தொட்டால் தூக்கிய பக்கெட் இறங்கிவிடும், அதனால் அந்தக் கடைசி நிபந்தனை. கிரீஸ் வைக்கிற இடங்களை எண்ணுவது அவள் வேலை. டயரில் ஆணி இருக்கிறதா என்று பார்ப்பதும் அவள்தான். அடியில் எண்ணெய்க் கசிவு தெரிந்தால் கை வைக்காமல் சொல்ல வேண்டும். ஹைட்ராலிக் குழாயில் ஊசி ஓட்டை இருந்தால் அதிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். பெரியவர்களும் அதைக் கையால் தடவிப் பார்க்கக் கூடாது, அட்டையை நீட்டித்தான் பார்க்க வேண்டும்.

இஞ்சின் ஓடும்போது அவள் இடம் வராந்தா. கூட ஒரு பெரியவர் இருக்க வேண்டும். "யாராவது பாத்துக்குவாங்க" என்பது கணக்கில் வராது, யார் என்று பெயர் சொல்ல வேண்டும். அவள் படி இறங்கினால் நான் வண்டியை நிறுத்திவிடுவேன். முதல் வாரம் அதைச் சோதித்துப் பார்க்க நான்கு தடவை இறங்கினாள். நான்கு தடவையும் நிறுத்தினேன். அதோடு சரி.

எப்போது ஓட்டலாம் என்று இப்போதே கேட்கிறாள். பி.டி.ஓ.வில் 20 குதிரைத்திறனுக்கு மேல் உள்ள டிராக்டரை ஓட்ட 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களைச் சம்பளத்துக்கு வைக்கக் கூடாது என்கிறது அமெரிக்கச் சட்டம். 14, 15 வயதானால் முறையான பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும். ஆனால் பெற்றோரின் சொந்தப் பண்ணைக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அதாவது ஊரான் பிள்ளையைச் சட்டம் காப்பாற்றும். நம் பிள்ளையை நம்மிடம் விட்டுவிட்டது. பதினான்கு வயதில் பயிற்சிக்குச் சேர்த்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "ரொம்ப நாள் இருக்கே" என்றாள்.

அப்பா ஊருக்குத் திரும்பிவிட்டார். சனிக்கிழமை வீடியோவில் கூப்பிட்டால் முதல் கேள்வி, "வளைவை நிமித்தினியா?" இரண்டாவது, "பாப்பா எங்க?" இரண்டுக்கும் பதில் சொன்ன பிறகுதான் சாப்பாடு, மழை எல்லாம்.

கிளம்புவதற்கு முந்தின நாள் எடுத்த ஒரு படத்தைக் குடும்பக் குழுவில் போட்டேன். தாத்தாவும் பேத்தியும் டிராக்டரில். சீட்டில் அவள் மட்டும் உட்கார்ந்திருக்கிறாள், ராணி மாதிரி. அப்பா பக்கத்தில் தரையில் நிற்கிறார். பக்கெட் கீழே இருக்கிறது. சாவி அப்பாவின் சட்டைப் பையில் இருக்கிறது, அது படத்தில் தெரியாது. இதயக் குறிகள் பழைய படத்துக்கு வந்ததைவிடக் கொஞ்சம் குறைவுதான்.